உரிமம் எப்போது வரும்

அந்த வீடியோவை நாங்கள் மூன்று பேரும் தோழியின் வீட்டு மாடியில், சாப்பிட்ட தட்டுகளை ஓரமாக நகர்த்திவிட்டுப் பார்த்தோம். ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் ஊரில் இருக்கும் விளையாட்டுக் கம்பெனி அது. அதன் தலைவர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, தங்கள் விளையாட்டின் புதிய பதிப்பைப் பற்றிப் பேசினார். முடிக்கப் போகும் நேரத்தில் திடீரென்று ஞாபகம் வந்தவர்போல ஒன்று சொன்னார். எங்கள் விதிகளை வைத்து மற்றவர்களும் சொந்தக் கதைகள் எழுதி வெளியிட உரிமம் தரப்போகிறோம், விவரங்களை விரைவில் அறிவிப்போம்.

தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், மறுபடி போடு. விரைவில்னுதானே சொன்னாரு?"

மறுபடி போட்டேன். விரைவில் என்றுதான் சொன்னார்.

"விரைவில்னா எப்ப?" என்றான் என் தம்பி.

அன்றிலிருந்து அடுத்த ஐந்தாறு மாதங்களுக்கு எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

அந்த விளையாட்டு எங்களிடம் வந்து சேர்ந்ததே தவறுதலாகத்தான். தோழியும் நானும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். கல்யாணமாகி அவள் பாபநாசத்துக்குப் பக்கத்து ஊருக்கு வந்தாள். நான் பாபநாசத்திலேயே இருந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். அவள் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, சின்னப் பிள்ளைகள் ஆடும் ஏதோ ஒன்று என்று நினைத்து அந்தப் பெட்டியை வாங்கி வந்துவிட்டார். திறந்தால் பலகையும் இல்லை, காய்களும் இல்லை. விதவிதமான பகடைகளும் செங்கல் கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகமும்தான் இருந்தன. கொரோனா ஊரடங்கு முடிந்த நாட்களில் அதை மெல்லமெல்லப் படித்துப் புரிந்துகொண்டோம். ஒருவர் கதை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போக வேண்டும். சுவர் ஏறிக் குதிக்க முடிந்ததா, பொய்யை எதிராளி நம்பினானா என்பதையெல்லாம் பகடை சொல்லும்.

கதை நடத்துவது நான். தோழி மந்திரக்காரி. என் தம்பி முதலில் வேடிக்கை பார்க்க வந்தவன். குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அவனுக்கும் போக்கிடம் வேண்டுமே. இரண்டாவது வாரமே ஒரு கோடரி வீரனாக உள்ளே வந்துவிட்டான். நாங்கள் ஆடியதெல்லாம் தமிழில்தான். புத்தகத்தில் இருந்த பனிமலைகளும் ஓநாய்களும் தம்பிக்குச் சலித்துவிட்டன. "அக்கா, நமக்குத் தெரிஞ்ச ஊர்ல நடக்கிற மாதிரி ஒண்ணு சொல்லேன்" என்றான்.

அப்படி எழுதியதுதான் எங்கள் சாவிக் கதை. வாய்க்கால்களால் ஆன ஒரு நாடு. அதன் தலைமதகைத் திறக்கும் சாவி காணாமல் போய்விடுகிறது. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊரிலிருந்து சிலர் ஆற்றுக்கு எதிராக நடந்து, ஒவ்வோர் ஊராகக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். யாரிடம் சாவி இருக்கிறது என்பதைவிட, அது தொலைந்ததில் யாருக்கு லாபம் என்பதுதான் கதை. அதை ஒரு வருஷம் ஆடினோம். ஆட ஆட நான் எழுதினேன், தோழி வரைந்தாள். மதகுகள், நாணல், கழுத்து நீளமான ஒரு தண்ணீர்ப் பேய், நாடு முழுவதையும் காட்டும் ஒரு வரைபடம். எல்லாம் சேர்ந்தபோது அது புத்தகம் மாதிரியே இருந்தது.

ஆனால் அதன் எலும்பு முழுக்க அந்தக் கம்பெனியுடையது. பாத்திரங்களின் திறமைகள், மந்திரங்களின் பெயர்கள், அடிபட்டால் கழிக்கும் கணக்கு, எல்லாமே. அவர்கள் சரி என்று சொல்லாமல் அச்சடிக்க முடியாது. அதனால்தான் அந்த 'விரைவில்' எங்களை அப்படிப் பிடித்து ஆட்டியது.

உலகம் முழுக்க எங்களைப் போல ஆட்கள் இருந்தார்கள் என்பது இணையத்தில் அந்த விளையாட்டுக்கான குழுவில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. கதை எழுதி முடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அத்தனை பேர். யாருக்கும் எதுவும் தெரியாது, அதனால் எல்லோரும் பேசினார்கள். கம்பெனியின் அடுத்த வெளியீடான அரக்கர்கள் புத்தகம் வரும் அன்று அறிவிப்பார்கள் என்றார் ஒருவர். இல்லை, கம்பெனி தொடங்கிய ஆண்டு விழாவில் என்றார் இன்னொருவர். கம்பெனி வக்கீல் ஒருவரை வேலைக்குத் தேடுகிறது என்று ஒரு விளம்பரத்தை யாரோ கண்டுபிடித்தார்கள். அதை வைத்து இரண்டு நாள் விவாதம் ஓடியது. புதிதாக ஆள் எடுக்கிறார்கள் என்றால் இப்போதைக்கு இல்லை என்று ஒரு கட்சி, ஆள் எடுக்கிறார்கள் என்றாலே வேலை தொடங்கிவிட்டது என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

அவர்களுக்குக் காலை அலுவலகம் திறக்கும்போது நமக்கு மதியம். அதனால் என் மதியச் சாப்பாடு தினமும் ஆறிப்போயிற்று. தட்டுக்குப் பக்கத்தில் போன். வேலையில் மீட்டிங் நடக்கும்போது மடியில் போன். ரயில்வே கேட் மூடி நிற்கும் நேரத்தில் ஸ்கூட்டியை அணைத்துவிட்டுப் போன். கம்பெனியின் இணையப் பக்கத்தில் அடியில் ஒரு வரி மாறியிருந்தால்கூட எனக்குத் தெரிந்தது. ஒருநாள் 'தொடர்புக்கு' என்பதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி புதிதாக விட்டிருந்தார்கள். அங்கேதான் 'உரிமம்' என்று வரப்போகிறது என்று குழுவில் எழுதினேன். பலர் ஆமோதித்தார்கள். மறுநாள் அந்த இடத்தில் அவர்கள் பனியன் விற்கும் கடையின் பெயர் வந்தது.

தம்பி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் சொல்லிவிட்டான். "அக்கா, போன வருஷம் மேட்டு நிலத்தை எனக்குக் குத்தகைக்குத் தர்றேன்னு நிலத்துக்காரரு வாயால சொன்னாரு. நான் மேடு தட்டி, வரப்பு கட்டி, எரு அடிச்சேன். அப்பறம் வேற ஆளுக்கு விட்டுட்டாரு. கேட்டா, 'நான் எப்பப்பா உறுதியா சொன்னேன்'ங்கிறாரு. உன் ஆளும் வாயாலதானே சொல்லியிருக்காரு?"

எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நிலத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பது அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு தம்பிக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது கோபத்தைத்தான் கிளப்பியது. அந்தக் கம்பெனி அப்படிப்பட்டதில்லை என்று, பார்த்தே இராத மனிதர்களுக்காகத் தம்பியிடம் சண்டை போட்டேன்.

ஆடி மாதம் பிறந்தபோது தஞ்சாவூரில் ஓர் அச்சகத்துக்குப் போய் வந்தோம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம். ஆடியில் கல்யாணம் இல்லாததால் மெஷின் சும்மா கிடந்தது. உரிமையாளர் தோழியின் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகா இருக்குங்க. எப்ப அடிக்கணும்?"

"ஒரு அனுமதி வரணும், அண்ணே. வந்துடும்" என்றேன்.

"ஆடிக்குள்ள வந்துட்டா நல்லது. ஆவணி பொறந்தா நான் உங்களைத் திரும்பிப் பாக்க முடியாதுங்க. பத்திரிகை வேலை குவிஞ்சிடும்."

திரும்பி வரும் பஸ்ஸில்தான் தோழி அதைச் சொன்னாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "அவருக்கு ஃபேமிலி விசா ஆயிடுச்சு. ஐப்பசி வாக்குல கூப்பிட்டுக்கிறேங்கிறாரு. நானும் பிள்ளைங்களும்."

"எப்பலேருந்து தெரியும்?"

"போன வாரத்திலிருந்து. நீ அந்த வக்கீல் விளம்பரத்துல இருந்தே. சொல்ல இடமே கிடைக்கல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஐயம்பேட்டை தாண்டும் வரை ஐப்பசிக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். அவளுக்குச் சந்தோஷமான விஷயம், வாழ்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பாபநாசம் வந்து இறங்கும்போதுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு என் பதற்றம் இரட்டிப்பாகிவிட்டது. அவள் போவதற்குள் புத்தகம் கைக்கு வர வேண்டும். அதற்கு ஆடிக்குள் உரிமம் வர வேண்டும். ஆடிக் கடைசியில் கம்பெனி இருக்கும் நாட்டில் விளையாட்டுகளுக்கென்று ஒரு பெரிய சந்தை நடக்கும். கம்பெனி அதில் நேரலையாகப் பேசப்போகிறது, 'எல்லோரும் காத்திருந்த செய்தி' என்று போட்டிருந்தார்கள். வேறென்ன செய்தியாக இருக்க முடியும்? குழுவில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாகிவிட்டன.

அன்று சாயங்காலம் தோழி வீட்டில் கூடினோம். அவள் மாமியார் கீழேயிருந்து டீயும், அரிசி மாவில் இறால் வைத்துப் பொரித்த வாடாவும் கொடுத்தனுப்பினார். கம்பளிச் சட்டைக்காரர் மேடையேறினார். கூட்டம் கத்தியது. அவர் ஒரு துணியை விலக்கினார். உள்ளே பிளாஸ்டிக் பொம்மைகள். எங்கள் விளையாட்டின் ஓநாய்களும் வீரர்களும் விரல் உயரத்துக்கு, வண்ணமடித்து. கூடவே பகடை உருட்ட ஒரு தோல் தட்டு. அவ்வளவுதான். கைதட்டலோடு நேரலை முடிந்தது.

நாங்கள் கத்தியது கேட்டு மாமியார் மேலே வந்துவிட்டார். "என்ன, அவுட்டாயிட்டாங்களா?" என்று கேட்டார். கிரிக்கெட் என்று நினைத்திருக்கிறார். தம்பி, "ஆமா மாமி, நாங்கதான் அவுட்டு" என்றான்.

ஆவணி பிறந்தது. அச்சகக்காரர் சொன்னபடியே போனை எடுக்கவில்லை.

அந்த வாரம் தம்பி தன் குத்தகை விஷயமாகக் கும்பகோணத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனான். நானும் வருகிறேன் என்று கூடவே போனேன். அவர் முழுக்க நில வழக்குப் பார்ப்பவர். மேசை நிறையப் பட்டாவும் அடங்கலும். தம்பியின் வேலை முடிந்ததும் நான் என் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"காசு வெச்சு ஆடுறதாம்மா?"

"இல்லைங்க சார். கதை சொல்லி ஆடுறது."

"சரி. நிலம் அவங்களுது, பயிர் உங்களுது. குத்தகைச் சீட்டு எழுதுறதுக்கு முன்னாடியே நட்டுட்டீங்க. அப்படித்தானே?"

"அப்படித்தாங்க."

"அவங்க புத்தகத்து எழுத்தையும், படத்தையும், பேரையும் தொடாதீங்க. ஆனா பகடை உருட்டி ஜெயிக்கிறது தோக்கிறதுன்னு ஒரு முறை இருக்கு பாருங்க, அந்த முறைக்கு யாரும் பட்டா வாங்கிட முடியாதுன்னுதான் நினைக்கிறேன். நான் நிலத்து வக்கீல். சென்னையில இதுக்குன்னே ஆளுங்க இருப்பாங்க, கேட்டுக்குங்க."

சென்னையில் விசாரித்தபோதும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். ஆனால் என் காதில் விழுந்தது 'குத்தகைச் சீட்டு' மட்டும்தான். சீட்டு எப்போது வரும் என்ற ஒன்றைத் தவிர வேறெதற்கும் எனக்குள் இடமில்லாமல் இருந்தது.

அறிவிப்பு வந்தது புரட்டாசியில். தம்பியின் குறுவை அறுவடை அன்று. மழை வருவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் மெஷினுக்கு அலைந்த சமயம். ஒருவழியாக எங்கள் முறை வந்திருந்தது. நான் டீக் கேனோடு வரப்பில் நின்றேன். போன் அதிர்ந்தது. குழுவில் ஒரே வரியைப் பத்துப் பேர் எழுதியிருந்தார்கள்: வந்துவிட்டது!

அறுவடை மெஷினின் சத்தத்தில், வைக்கோல் தூசியில், கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம். விற்கலாம். அவர்கள் அடையாளச் சின்னத்தைக்கூடப் போட்டுக்கொள்ளலாம். நான் நினைத்ததைவிடத் தாராளமாக இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்தேன். இந்த உரிமம் ஆங்கிலத்துக்கும், ஏற்கெனவே எங்கள் புத்தகம் வெளியாகியுள்ள மொழிகளுக்கும் மட்டும். பிற மொழிகளைப் பற்றிப் பின்னர் அறிவிப்போம்.

அப்படியே வரப்பில் உட்கார்ந்தேன். ஈரம் சேலையில் ஏறியதுகூடத் தெரியவில்லை. ஆறு மாதமாக உலகமே எப்போது, எப்போது என்று கேட்டது. என்ன தருவார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. தமிழ் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கோபப்படவும் ஆள் இல்லை.

தம்பி வரப்போடு ஓடி வந்தான். "என்னாச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

சொன்னேன். அவன் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சீட்டு வந்துச்சு. நம்ம பேருதான் இல்ல" என்றான். பிறகு, "டீயை ஊத்து. மெஷின்காரரு அடுத்த வயலுக்குப் போகணும்" என்றான்.

மறுநாள் தோழியின் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டிகள் பாதி கட்டிக் கிடந்தன. அவள் அறிவிப்பைப் படித்துவிட்டிருந்தாள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, முதலில் தண்ணீர் கொடுத்தாள்.

"இங்கிலீஷ்ல எழுதிடலாமா?" என்றேன்.

"அந்தத் தண்ணிப் பேய் இங்கிலீஷ்ல என்னடி பேசும்? எனக்கே படத்தைப் பாத்தா சிரிப்பு வரும்." டம்ளரை வாங்கிப் பெட்டி மேல் வைத்தாள். "அந்த வக்கீல் என்னமோ சொன்னாருன்னியே. முறைக்குப் பட்டா கிடையாதுன்னு. அப்ப நாமளே ஒரு முறை வெச்சுக்குவோம். அவங்க வார்த்தை ஒண்ணுகூட வேணாம்."

"நீ போறதுக்குள்ளயா?"

"போறதுக்குள்ள விதிய முடிப்போம். அடிக்கிறதை நீ பாத்துக்க."

சொன்னபோது எளிதாக இருந்தது. உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் புரிந்தது. கம்பெனியின் கணக்குகள் எங்கள் விரல்களில் ஊறிப்போயிருந்தன. எதைத் தொட்டாலும் அவர்களுடைய மாதிரியே வந்தது. மந்திரத்தை எடுத்துவிட்டோம், கதை தளர்ந்தது. சண்டையைக் குறைத்தோம், தம்பி கொட்டாவி விட்டான். நான் எரிச்சலில் இரண்டு முறை மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வழி காட்டியது ஒரு சண்டை. ஆட்டத்தில் யார் முதலில் செய்வது என்று தம்பிக்கும் தோழிக்கும் வாக்குவாதம் வந்தது. தம்பி சலித்துப்போய், "முறை வெச்சுப் பாய்ச்சுற மாதிரி வைங்கக்கா. மேல இருக்கவன் எடுத்தா கீழ இருக்கவனுக்குக் குறையட்டும்" என்றான்.

தோழி எழுந்து போய் அடுக்களையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் மொச்சைக் கொட்டைகளை எடுத்து வந்து மேசை நடுவில் வைத்தாள். அதுதான் தண்ணீர். யாருக்குக் கஷ்டமான காரியம் செய்ய வேண்டுமோ அவர் கிண்ணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு வேண்டுமானாலும். எடுத்த அளவுக்குப் பகடையில் பலம் கூடும். ஆனால் வரிசையில் கடைசியாக இருப்பவருக்கு மிச்சம்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் வரிசை மாறும், இன்று தலைமடையில் இருப்பவர் நாளை கடைமடை.

அதை வைத்து ஒரு சுற்று ஆடினோம். முதல் ஆளாக உட்கார்ந்த தம்பி ஒரு கை நிறைய அள்ளினான். தோழியின் முறை வந்தபோது கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. அவளுடைய பாத்திரம் ஆற்றில் விழுந்து செத்தது. தம்பி கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தான். "நான் இவ்வளவு எடுத்திருக்கக் கூடாதுக்கா" என்றான். எங்கள் கதைக்கு இத்தனை நாள் இல்லாமல் இருந்தது அதுதான் என்று அப்போது மூவருக்கும் தெரிந்துவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் தோழி கிளம்பினாள். திருச்சி விமான நிலையம் வரை போனேன். உள்ளே போகும்போது, "வரைபடத்துல ஆத்தைக் கறுப்பா அடிச்சிடாதே, நீலம் வெளிறுனாலும் பரவாயில்ல" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. பிள்ளைகள் ஆளுக்கொரு பையை இழுத்துக்கொண்டு ஓடின. நான் பஸ்ஸில் திரும்பி வந்து, அன்று முழுக்க எந்த வேலையும் செய்யாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

மார்கழியில் அச்சக மெஷின் மறுபடி சும்மா கிடந்தது. உரிமையாளர் தானே கூப்பிட்டார். பத்திரிகைக்கு வாங்கி மிஞ்சிய கனமான தாளில்தான் உள்பக்கங்கள் வந்தன. புத்தகத்தில் லேசாகச் சந்தன வாசனை. முதல் பிரதியைக் கையில் கொடுக்கும்போது நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். "கைப்பழக்கம்ங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் ஏன் தப்பாக எடுத்துக்கொள்கிறேன்?

தை கழிந்து தஞ்சாவூரில் ஒரு நூலக அறையில், முன்பின் தெரியாத நான்கு பேரை வைத்து ஆடிக் காட்டினேன். ஒரு நர்ஸ் அம்மா முதல் சுற்றில் கிண்ணத்தைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "கடைசில உக்காந்திருக்க பொண்ணைப் பாத்தேங்க, எடுக்க மனசு வரல" என்றார். அந்தக் கடைசிப் பெண் அடுத்த சுற்றில் தலைமடைக்கு வந்ததும் மொத்தக் கிண்ணத்தையும் கவிழ்த்துக்கொண்டாள். நர்ஸ் அம்மா, "அடிப்பாவி!" என்று எழுந்தே விட்டார். அறை முழுக்கச் சிரிப்பு.

கம்பெனி பிற மொழிகளைப் பற்றி இன்னும் எதுவும் அறிவிக்கவில்லை. குழுவில் சில பேர் ஆரூடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எப்போதாவது மதியம் கை தானாக அந்தப் பக்கத்துக்குப் போகிறது. பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். ஏதாவது ஒன்றுக்காகத் தவித்துக்கொண்டிருப்பது என் உடம்போடு வந்தது போலிருக்கிறது. இப்போது மதுரையிலிருந்து ஒருவர், உங்கள் விதிகளை வைத்து நான் மலைநாட்டில் ஒரு கதை எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். எழுதுங்கள் என்று அன்றே பதில் போட்டேன்.

ஊருக்கு வந்து போன ஒருவர் கையில் தோழிக்குப் பிரதிகள் கொடுத்தனுப்பியிருந்தேன். அவள் இருக்கும் கட்டடத்தில் காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தியையும் ஒரு மலையாளிப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் ஆடுகிறாளாம். மலையாளி கதை நடத்தினால் பேய் கூடுதலாகப் பயமுறுத்துகிறதாம். போன வாரம் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் குக்கர் விசில் அடித்தது. பேசி முடித்துவிட்டு, கடைசியில் இதைச் சேர்த்திருந்தாள்: "நேத்து நாங்க சாவியைக் கண்டுபிடிச்சிட்டோம்டி. ஆனா மதகைத் திறக்க வேணாம்னு ரெண்டு பேரும் ஒரே பிடிவாதம். இதுக்கு நீ ஒண்ணும் எழுதி வெக்கல. நான் என்ன சொல்லட்டும்?"